கூடத்தைக் கோணலாகக் கட்டியவர்கள்

லண்டனில் கேத்தரின் தெருவில் டச்சஸ் என்று ஒரு சின்ன நாடக அரங்கம் இருக்கிறது. 1929 நவம்பரில் திறந்தது. அக்கம்பக்கத்துக் கட்டடங்களுக்கு வரும் வெளிச்சத்தை மறைக்கக் கூடாது என்ற பழைய சட்ட உரிமைக்குக் கட்டுப்பட்டு, கீழ்த்தள இருக்கைகளைத் தெரு மட்டத்துக்கும் கீழே இறக்கிக் கட்டியிருக்கிறார்கள். திறந்த நாலே மாதத்தில், 1930 மார்ச் 11 அன்று, அங்கே 'தி இன்டிமேட் ரெவ்யூ' என்ற ஆடல்பாடல் நிகழ்ச்சி அரங்கேறியது. ஒரு காட்சி முடிந்து அடுத்ததற்கு செட் மாற்ற 20 நிமிடம் வரை ஆனது. நள்ளிரவுக்குள் முடித்தாக வேண்டுமே என்று ஏழு காட்சிகளை வெட்டிவிட்டுக் கடைசிக் காட்சிக்குத் தாவினார்கள். மறுநாள் நிகழ்ச்சி இல்லை. லண்டனின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் வெஸ்ட் எண்டில் மிகக் குறைந்த காலம் ஓடியது எது என்று கேட்டால் இன்றும் இதைத்தான் சொல்கிறார்கள். ஒருநாள்கூட அல்ல, அரைநாள் ஓட்டம் என்று கணக்குப் போடுபவர்களும் உண்டு.

84 வருடம் கழித்து, 2014 செப்டம்பரில், அதே மேடைக்கு இன்னொரு நாடகம் வந்தது. அதிலும் கதவு திறக்காது. சுவரில் மாட்டியது கீழே விழும். கதாநாயகி மயங்கிக் கிடப்பாள், பிணம் எழுந்து நடக்கும். 'தி ப்ளே தட் கோஸ் ராங்' என்பது பெயர். கோளாறாகிப்போகும் நாடகம். 2024 செப்டம்பரில் அங்கே 10 வருடம் முடித்துவிட்டு அதற்கப்புறமும் ஓடியது. டச்சஸில் இதைப்போல நீண்ட காலம் ஓடியது வேறெதுவும் இல்லை.

இந்த நாடகத்தைச் செய்த குழுவின் பெயர் மிஸ்சீஃப். தமிழில் சொன்னால் குறும்பு, சேட்டை. 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்று நாம் சொல்வோமே, இவர்கள் அதைத் திருப்பிப் போட்டார்கள். ஆடத் தெரிந்தவர்கள், நல்ல தச்சனை வைத்துக் கூடத்தையே கோணலாகக் கட்டச் சொன்னார்கள். அந்தக் கோணலை வைத்து எப்படி ஒரு தொழிலே நடத்தினார்கள் என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது.

நாலு டிக்கெட்

லாம்டா என்று சுருக்கமாக அழைக்கப்படும் லண்டன் நாடகப் பள்ளியில் படித்த சில இளைஞர்கள் 2008இல் இந்தக் குழுவைத் தொடங்கினார்கள். முதலில் அவர்களிடம் எழுதிய நாடகமே கிடையாது. பார்வையாளர் ஏதாவது தலைப்புச் சொன்னால் அந்த இடத்திலேயே கதை கட்டி நடிப்பதுதான் வேலை. எடின்பரோவில் ஆண்டுதோறும் ஆகஸ்டில் நடக்கும் ஃபிரிஞ்ச் விழாவுக்கு 'லைட்ஸ்! கேமரா! இம்ப்ரவைஸ்!' என்ற நிகழ்ச்சியைக் கொண்டுபோனார்கள். இல்லாத ஒரு சினிமாவை, பார்வையாளர் சொல்லும் வகையிலும் இடத்திலும் தலைப்பிலும் மேடையில் அப்போதே உருவாக்க வேண்டும். நடுவில் ஒருவர் ரிமோட்டோடு நின்று 'நிறுத்து, பின்னால் போ, அந்தக் காட்சியை மெதுவாகக் காட்டு' என்று படுத்துவார்.

இது வெறும் பூர்வகதை என்று தள்ளிவிட முடியாது. அந்தந்த நொடியில் கதை கட்டும் நடிகனுக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: மேடையில் தப்பு நடந்த அந்த ஒரு நொடியில்தான் பார்வையாளர் நிமிர்ந்து உட்கார்கிறார். வசனத்தை மறந்து நிற்கும் நடிகனின் முகத்தைவிடச் சுவாரசியமான வசனத்தை எழுதுவது கஷ்டம். பின்னால் எழுதப்போகும் நாடகங்களுக்கான பயிற்சி அங்கேயே நடந்துவிட்டது.

குழுவில் ஹென்றி லூயிஸ், ஜோனதன் சேயர், ஹென்றி ஷீல்ட்ஸ் மூவரும் எழுதுபவர்கள். ஒரே வீட்டில் குடியிருந்து, வயிற்றுப்பாட்டுக்கு மதுக்கூடம், உணவகம் என்று கிடைத்த வேலையைச் செய்துகொண்டு, மிச்ச நேரத்தில் உட்கார்ந்து எழுதினார்கள். அப்படி வந்தது ஒரு மணி நேர நாடகம் ஒன்று. 2012 டிசம்பரில், இஸ்லிங்டனில் ஓல்டு ரெட் லயன் என்ற மதுக்கூடத்தின் மாடியில் இருக்கும் 60 இருக்கை அரங்கில் போட்டார்கள். அப்போது பெயர் 'தி மர்டர் பிஃபோர் கிறிஸ்மஸ்'. முதல் நாள் காசு கொடுத்து டிக்கெட் வாங்கி வந்த வெளியாட்கள் நாலு பேர். இதை அவர்களே பின்னாளில் விளம்பரத்தில் போட்டுக்கொண்டார்கள். தோல்வியை விற்கிற கடைக்கு இதைவிட நல்ல பெயர்ப்பலகை கிடைக்காது.

அங்கிருந்து அடுத்தடுத்த படிகள் வேகமாக வந்தன. 2013இல் டிரஃபால்கர் ஸ்டூடியோஸின் சின்ன அரங்கம், அதே வருடம் ஆகஸ்டில் எடின்பரோ, 2014 ஜனவரியிலிருந்து பிரிட்டன் முழுக்கச் சுற்றுப்பயணம். அரங்குகளுக்குச் சாதாரணமாக ஒரு மணி நேர நாடகத்தை விற்க முடியாது. இடைவேளை வேண்டும், இடைவேளையில் பாரில் வியாபாரம் நடக்க வேண்டும். அதனால் சுற்றுப்பயணத்துக்காக இரண்டாவது அங்கம் ஒன்றை எழுதிச் சேர்த்தார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். ஒரு மணி நேரம் ஓடிய நகைச்சுவையை இரண்டு மணி நேரமாக நீட்டினால் பெரும்பாலும் நீர்த்துப்போகும். விழுந்த பொருளே மறுபடி விழுந்தால் யார் சிரிப்பார்கள்? இவர்கள் புதிய துணுக்குகளை மட்டும் கூட்டாமல், முதல் அங்கத்தில் நடந்த சேதாரத்தையெல்லாம் இரண்டாம் அங்கத்தின் மூலதனமாக்கினார்கள். முதலில் கதவு மட்டும் மாட்டிக்கொண்டது. அப்புறம் மாடியே சாய்கிறது. முதலில் கதாநாயகிக்கு அடிபட்டது. அப்புறம் அவளுக்குப் பதில் வந்தவள் இடத்தை விட்டுத்தர மறுக்கிறாள். கடன் வட்டியோடு ஏறுகிற மாதிரி.

கோளாறு வேலை செய்யும் விதம்

நாடகத்துக்குள் ஒரு நாடகம். கார்ன்லி பாலிடெக்னிக் நாடகச் சங்கம் என்ற கற்பனையான அமைச்சூர் குழு (நாடகம் தொழிலல்ல, பொழுதுபோக்கு), 'ஹேவர்ஷாம் மாளிகைக் கொலை' என்ற 1920கள் பாணித் துப்பறியும் நாடகத்தை அரங்கேற்றுகிறது. பிரிட்டனில் பாலிடெக்னிக்குகள் எல்லாம் 1992இலேயே பல்கலைக்கழகங்களாகிவிட்டன. கார்ன்லி மட்டும் இன்னும் பாலிடெக்னிக்காகவே இருக்கிறது என்பதில் ஒரு பிரிட்டிஷ்காரர் முதல் வரியிலேயே புன்னகைத்துவிடுவார். அமெரிக்காவுக்குப் போனபோது கார்ன்லி பல்கலைக்கழகம் ஆனது. அங்கே பாலிடெக்னிக் என்றால் அந்தச் சிரிப்பு வராது.

சங்கத்தின் தலைவரும் இயக்குநருமான கிறிஸ் முதலில் வந்து ஓர் உரை நிகழ்த்துகிறார். தங்கள் சங்கத்தில் ஆளும் காசும் எப்போதும் குறைவு என்பதை நாசூக்காகச் சொல்கிறார். செக்காவின் 'மூன்று சகோதரிகள்' இவர்கள் கையில் 'இரண்டு சகோதரிகள்' ஆனதாம். 'கேட்ஸ்' என்ற இசை நாடகம் 'கேட்' ஆகியிருக்கிறது. இந்த முறைதான் கதைக்கு வேண்டிய அளவு ஆட்கள் கிடைத்திருக்கிறார்கள் என்று பெருமைப்படுகிறார். பாவம்.

அதற்கும் முன்பே, பார்வையாளர்கள் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டிருக்கும்போதே வேலை ஆரம்பித்துவிடுகிறது. லைட்டும் ஒலியும் பார்த்துக்கொள்ளும் டிரெவர், காணாமல் போன தன் டுரான் டுரான் பாப் இசைக்குழு சிடியைத் தேடிக்கொண்டிருக்கிறார். நாடகத்தில் வர வேண்டிய நாயையும் காணோம். மேடை நிர்வாகி ஆனி, கணப்படுப்புக்கு மேலே நிற்க வேண்டிய தட்டை மாட்டப் பார்க்கிறாள், அது நிற்கவில்லை. பார்வையாளர் ஒருவரை மேலே கூப்பிட்டுப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறாள். வந்தவர் சிரித்துக்கொண்டே பிடிக்கிறார். அந்த நிமிடத்திலிருந்து அரங்கத்திலிருக்கும் எல்லாருக்கும் அந்தத் தட்டு மேல் ஒரு கண். அது எப்போது விழும் என்று காத்திருக்கப் பழக்கிவிட்டார்கள்.

விளக்கு அணைந்து எரியும்போது, பிணமாகக் கிடக்க வேண்டிய நடிகர் இன்னும் தன் இடத்துக்கு வந்து சேரவில்லை. அடுத்து வருபவர்கள் பிணத்தின் கையை மிதிக்கிறார்கள். கதவு திறக்கவில்லை, நடிகர்கள் ஜன்னலைச் சுற்றி வருகிறார்கள். பிணத்தைத் தூக்க ஸ்ட்ரெச்சர் வருகிறது. தூக்கினால் துணி மட்டும் கிழிந்து ஸ்ட்ரெச்சர் மேலே போகிறது, பிணம் தரையிலேயே கிடக்கிறது. விஸ்கி புட்டி இருக்க வேண்டிய இடத்தில் பெயின்ட் கரைக்கும் திரவம் வந்துவிடுகிறது. குடித்துவிட்டு 'அருமை' என்று சொல்ல வேண்டும் என்பது வசனம். குடிக்கிறார்கள், துப்புகிறார்கள், 'அருமை' என்கிறார்கள்.

நல்ல இடம் ஒன்று. பட்லராக நடிக்கும் டென்னிஸுக்கு வசனம் நிற்காது. கஷ்டமான வார்த்தைகளை உள்ளங்கையில் எழுதி வைத்து, எழுத்துக்கூட்டித் தப்பாக உச்சரிக்கிறார். ஒரு கட்டத்தில் சொல்ல வேண்டிய வசனத்துக்குப் பதில் கொஞ்சம் முன்னால் சொன்னதையே மறுபடி சொல்லிவிடுகிறார். எதிரே நிற்பவருக்கு அந்த வசனத்துக்கு என்ன பதிலோ அதுதான் மனப்பாடம். அவர் பதில் சொல்கிறார், அடுத்தவர் அதற்குப் பதில் சொல்கிறார், காட்சி வட்டமடித்துப் பழைய இடத்துக்கே வருகிறது. டென்னிஸ் மறுபடி அதே தப்பைச் செய்கிறார். செக்கு மாட்டைப்போல நாலு பேரும் சுற்றுகிறார்கள், ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிட வேகமாக, எரிச்சலாக. யாராவது ஒருவர் 'இந்த வரியை விட்டுவிடுவோம்' என்று முடிவெடுத்தால் போதும். எடுக்க மாட்டார்கள். எழுதியதை அப்படியே நடிப்பது என்று சத்தியம் செய்துகொண்ட ஜென்மங்கள் அவர்கள்.

மேடையில் கோளாறு என்பதை இவர்கள் கண்டுபிடிக்கவில்லை. மைக்கேல் ஃபிரேன் எழுதிய 'நாய்ஸஸ் ஆஃப்' 1982இல் ஹேமர்ஸ்மித்தில் அரங்கேறியது, இன்றுவரை திரும்பத் திரும்பப் போடப்படுகிறது. ஃபிரேன் தன் பழைய நாடகம் ஒன்றைத் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்தபோது, முன்னாலிருந்து பார்ப்பதைவிட அது வேடிக்கையாக இருந்ததாம். அந்த யோசனையில் பிறந்தது அது. அதற்கும் இதற்கும் ஒரு முக்கியமான வித்தியாசம். ஃபிரேன் நம்மைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போகிறார். யாருக்கு யார் மேல் காதல், யாருக்கு யார் மேல் கோபம் என்று தெரிந்துகொண்டு அதன் விளைவை மேடையில் பார்க்கிறோம். மிஸ்சீஃப் நம்மைப் பின்னால் விடுவதே இல்லை. மேடையில் தெரிவதை வைத்து நாமாகவே ஊகிக்க வேண்டும். சங்கத்து நடிகன் மேக்ஸ் கைதட்டல் கேட்டதும் பார்வையாளர் பக்கம் திரும்பி ஏன் இளிக்கிறான்? அடிபட்ட கதாநாயகி சாண்ட்ராவுக்குப் பதிலாகக் கையில் தாளோடு தடுமாறி வந்த ஆனி, கைதட்டல் ருசி கண்டதும் அவளை ஏன் மறுபடி உள்ளே விடவில்லை? யாரும் விளக்குவதில்லை. ஒவ்வொரு நடிகரும் இரண்டு ஆட்களாக நடிக்கிறார்கள், கார்ன்லி சங்கத்து உறுப்பினராக ஒன்று, அவர் நடிக்கும் மாளிகைப் பாத்திரமாக இன்னொன்று. மேலே இருப்பது கிழிந்து கீழே இருப்பது தெரியும் இடங்களில்தான் சிரிப்பு.

முதல் மேடையேற்றங்களை இயக்கிய மார்க் பெல், லாம்டாவில் இவர்களுக்கு உடல்மொழி நகைச்சுவை சொல்லிக்கொடுத்தவர். மோசமான நடிகனாக நடிப்பவன் கிண்டல் செய்யும் தொனியில் நடித்தால் பத்து நிமிடத்தில் சலித்துவிடும். கார்ன்லிக்காரர்கள் யாரும் வேண்டுமென்று சொதப்புவதில்லை. உயிரைக் கொடுத்து நன்றாக நடிக்கப் பார்க்கிறார்கள்.

செட் தனிக் கதை. வடிவமைத்தவர் நைஜல் ஹுக். விழ வேண்டியது விழ வேண்டிய நொடியில், விழ வேண்டிய இடத்தில் விழ வேண்டும். அதற்கு ஓர் அடி தள்ளி ஒரு நடிகர் நிற்பார். மாடியில் இருக்கும் படிப்பறையைத் தாங்கும் தூண் சரிந்ததும் தளம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்கிறது. மேலே இருப்பவர்கள் ஒரு கையால் மேஜையையும் இன்னொரு கையால் சாமான்களையும் பிடித்துக்கொண்டு வசனம் சொல்கிறார்கள். வாரத்துக்கு எட்டு முறை இதையே, யாருக்கும் எலும்பு முறியாமல், செய்தாக வேண்டும். சாதாரண நாடகத்தில் செட் அழகாக நின்றால் போதும். இங்கே செட் தினமும் செத்துத் தினமும் பிழைக்க வேண்டும். 2017இல் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளான பிராட்வேயில் டோனி விருது கிடைத்தது நடிகருக்கோ எழுத்தாளருக்கோ அல்ல, ஹுக்குக்குத்தான்: சிறந்த நாடக மேடை வடிவமைப்பு. அதற்கு இரண்டு வருடம் முன்பே, 2015இல், லண்டனில் சிறந்த புதிய நகைச்சுவைக்கான ஆலிவியர் விருது நாடகத்துக்கு வந்துவிட்டது.

நட்சத்திரம் இல்லாத கணக்கு

தொழில் பக்கத்தைப் பார்த்தால் சில முடிவுகள் கண்ணில் படும். கென்னி வாக்ஸ் போன்ற அனுபவசாலித் தயாரிப்பாளர்கள் சுற்றுப்பயணக் காலத்திலிருந்தே கூட இருந்தார்கள். ஆனால் குழு தொடங்கியவர்களின் கையை விட்டுப் போகவில்லை. லூயிஸ் கலை இயக்குநர், சேயர் குழு இயக்குநர் என்று பொறுப்பைப் பிரித்துக்கொண்டு, உரிமையைத் தொடக்க உறுப்பினர்களே வைத்துக்கொண்டார்கள். நாடகப் பள்ளி முடித்த நண்பர்கள் குழு என்றால் முதல் வெற்றியில் சினிமாவுக்கும் டிவிக்கும் ஆளுக்கொரு பக்கமாகப் போய்விடுவது வழக்கம். இவர்கள் ஒட்டிக்கொண்டே இருந்தார்கள்.

இன்னொன்று அரங்கத்தின் அளவு. டச்சஸில் 500க்குக் கொஞ்சம் குறைவான இருக்கைகள்தான். வெஸ்ட் எண்டில் இது சின்ன அரங்கம். எட்டு நடிகர்கள், அதில் ஒருவர்கூடச் சுவரொட்டியில் பெயர் போட்டு விற்கும் நட்சத்திரம் கிடையாது. நாடகத்தின் பெயர்தான் நட்சத்திரம். பெயரைப் படித்ததும் என்ன கிடைக்கும் என்று தெரிந்துவிடுகிறது. லண்டனுக்கு ஒரு வாரம் சுற்றிப் பார்க்க வந்த குடும்பம் யோசிக்காமல் டிக்கெட் வாங்கும். ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவருக்கும் சுவர் விழுவது புரியும்.

நட்சத்திரம் இல்லாததால் ஆள் மாற்றவும் முடிந்தது. டச்சஸில் நாடகம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதை உருவாக்கிய நடிகர்கள் வெளியே வந்து அடுத்த நாடகத்துக்குப் போனார்கள். அவர்கள் இடத்தில் வேறு எட்டுப் பேர். நாடகம் அசையவில்லை. என் கணிப்பில் இந்தக் குழுவின் கதையில் மிக முக்கியமான திருப்பம் இதுதான். நடிகர்களாக மட்டும் இருந்தவர்கள் இங்கேதான் நிறுவனமானார்கள். சிரிப்பு தங்கள் முகத்தில் இல்லை, எழுத்திலும் நேரக்கணக்கிலும் தச்சு வேலையிலும் இருக்கிறது என்பது அவர்களுக்கே நிரூபணமானது.

அதே காரணத்தால் வெளிநாடுகளுக்கும் போனது. 30க்கும் மேற்பட்ட நாடுகளில் உள்ளூர் மொழிகளில் போட்டிருக்கிறார்கள். பாரிஸில் 'லே ஃபோ பிரிட்டிஷ்', அதாவது 'போலி பிரிட்டிஷ்காரர்கள்', என்று பெயர் மாற்றிப் போட்டது 2016இல் சிறந்த நகைச்சுவைக்கான மோலியேர் விருது வாங்கியது. பிரெஞ்சுக்காரர்களுக்கு இதில் கூடுதலாக ஓர் இன்பம்: இங்கிலீஷ்காரர்களைப் போல நடிக்கப் போய்க் கவிழ்வது. அமைச்சூர் குழுக்களும் உரிமை வாங்கிப் போடுகின்றன. நிஜமான நாடகச் சங்கம் ஒன்று, சொதப்பும் நாடகச் சங்கமாக நடிக்கிறது. அங்கே ஒரு கதவு மாட்டிக்கொண்டால் அது எழுதியதா, தானாக நடந்ததா என்று யார் கண்டது?

அட்லாண்டிக்கைக் கடந்த கதையில் ஒரு பாடம் ஒளிந்திருக்கிறது. அமெரிக்கத் திரைப்பட இயக்குநர் ஜே.ஜே. ஏப்ரம்ஸ், ஸ்டார் வார்ஸ் படப்பிடிப்புக்காக லண்டனில் இருந்தபோது நாடகத்தைப் பார்த்து, பிராட்வே தயாரிப்பாளர்களில் ஒருவராகச் சேர்ந்தார். 2017 ஏப்ரல் 2 அன்று லைசியம் அரங்கில், லண்டனின் மூல நடிகர்களோடு திறந்தது. 900க்கு மேல் இருக்கை. 700க்கும் அதிகமான ஆட்டங்கள் ஓடி 2019 ஜனவரி 6இல் முடிந்தது. முடிந்தது என்றால் மூட்டை கட்டவில்லை. அடுத்த மாதமே அதே நியூயார்க்கில் நியூ வேர்ல்ட் ஸ்டேஜஸ் என்ற வளாகத்துக்கு இறங்கியது. இறங்கியது என்பது எல்லா அர்த்தத்திலும்: பிராட்வே என்ற அந்தஸ்து போய் ஆஃப்-பிராட்வே ஆனது, இருக்கைகள் 500க்குள் சுருங்கின, அரங்கமும் டச்சஸைப் போலவே தரைக்கு அடியில். அங்கே மறுபடி வருடக்கணக்கில் ஓடியது. பெரிய அரங்கில் வாராவாரம் ஆகும் செலவைத் தாங்காத நாடகம், சின்ன அரங்கில் நிம்மதியாக மூச்சு விட்டது. கௌரவம் பார்த்து மூடியிருந்தால் அந்த வருடங்கள் இல்லை.

பெயரின் பிடி

ஒரு பெயர் இவ்வளவு விற்றால் அதை விடுவார்களா? 2013 டிசம்பரிலேயே 'பீட்டர் பான் கோஸ் ராங்' லண்டன் பிளெசன்ஸ் அரங்கில் வந்துவிட்டது. அதே கார்ன்லிக் கூட்டம், இந்த முறை பறக்கிறார்கள். கயிற்றில் தொங்கும் நடிகரையும் சுழலும் மேடையையும் இவர்கள் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. 2015 டிசம்பரில் அப்போலோ அரங்குக்கு வந்து, 2023இல் பிராட்வேயையும் எட்டியது. 2016 டிசம்பர் 31 அன்று பிபிசி அதை ஒளிபரப்பியது. கதை சொல்பவராக டேவிட் சூஷே. துப்பறியும் புவாரோவாகப் பல வருடம் நடித்த மனிதரை இந்தக் கூட்டத்தில் மாட்டிவிட்டதே பாதி வேடிக்கை. அடுத்த வருடம் 'எ கிறிஸ்மஸ் கேரல் கோஸ் ராங்'. அதில் மூத்த நடிகர்கள் டெரிக் ஜேக்கபியும் டயானா ரிக்கும்.

நடுவே 'கோஸ் ராங்' என்ற அந்தப் பெயரில்லாமலும் நடந்து பார்த்தார்கள். 2016இல் கிரைட்டீரியன் அரங்கில் திறந்த 'தி காமெடி அபௌட் எ பேங்க் ராபரி'யில் கார்ன்லி இல்லை, நாடகத்துக்குள் நாடகம் இல்லை. 1958இல் மினியாபொலிஸ் நகரத்தில் ஒரு வங்கிக் கொள்ளை, அவ்வளவுதான். அதில் ஓர் அறையைக் கூரையிலிருந்து எட்டிப் பார்ப்பதுபோல ஒரு காட்சி வரும். மேஜை, நாற்காலி எல்லாம் பின்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நடிகர்கள் சுவரில் படுத்தவாக்கில் நாற்காலியில் 'உட்கார்ந்து', காகிதத்தைக் கைமாற்றி, சாவதானமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். உடம்பு முழுக்கப் புவியீர்ப்போடு போராடுகிறது, முகத்தில் அலுவலகச் சலிப்பு. கோளாறு ஏதும் நடக்கவில்லை, எல்லாம் சரியாக நடக்கிறது, அதுதான் அதிசயம். இவர்களுக்கு 'கோஸ் ராங்' பலகை இல்லாமலும் கடை நடத்தத் தெரியும் என்று காட்டிய நாடகம் இது. நாலு வருடம் ஓடியது.

2019இல் வாட்வில் அரங்கை எடுத்துக்கொண்டு வரிசையாகப் புது நாடகங்கள் போடத் தொடங்கினார்கள். முதலில் 'குரோன் அப்ஸ்': பெரிய சைஸ் மேஜை நாற்காலிகளுக்கு நடுவே ஆறு வயதுக் குழந்தைகளாக நடித்து, பள்ளிக்கூடத்திலிருந்து நடுவயது வரை ஒரு நண்பர் கூட்டத்தைத் தொடரும் கதை. சிரிப்பைவிட ஏக்கம் அதிகம். விமர்சகர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்தார்கள். எனக்கு அந்த முயற்சி பிடிக்கும். ஆனால் மிஸ்சீஃப் என்ற பெயரைப் பார்த்து வந்தவர் சுவர் எப்போது விழும் என்று காத்திருப்பார், அவர் மேல் தப்பில்லை. அடுத்து வந்தது 'மேஜிக் கோஸ் ராங்', அமெரிக்க மந்திர வித்தைக்காரர்களான பென், டெல்லரோடு சேர்ந்து செய்தது. பலகை திரும்ப மாட்டியாயிற்று.

டிவியில் 'தி கோஸ் ராங் ஷோ' 2019 கிறிஸ்மஸுக்கு பிபிசி ஒன்றில் தொடங்கியது. மேடை நாடகத்தின் பாதி உயிர், இன்றைக்கு என் கண்முன்னால் நடக்கிறதே என்ற பதற்றத்தில்தான் இருக்கிறது. டிவியில் அது செத்துப்போகுமே என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஸ்டூடியோவில் பார்வையாளர்களை உட்காரவைத்துப் படமெடுத்து அதை ஓரளவு காப்பாற்றினார்கள். '90 டிகிரீஸ்' என்ற பகுதியில் செட்டையே 90 டிகிரி திருப்பிக் கட்டியிருப்பார்கள். தரை சுவராக, சுவர் தரையாக. வங்கிக் கொள்ளை நாடகத்தில் கொஞ்ச நேரம் செய்த வித்தையை இங்கே ஒரு காட்சி முழுக்கப் பிழிந்தெடுத்தார்கள்.

2020 மார்ச்

கொரோனா வந்து லண்டன் அரங்குகள் மூடியபோது மிஸ்சீஃபின் மூன்று நாடகங்கள் ஒரே சமயத்தில் வெஸ்ட் எண்டில் ஓடிக்கொண்டிருந்தன: டச்சஸ், கிரைட்டீரியன், வாட்வில். நாலு டிக்கெட் விற்ற இரவிலிருந்து எட்டு வருடம்கூட ஆகவில்லை. மூன்றும் ஒரே நாளில் நின்றன. வங்கிக் கொள்ளை மே மாதம் விடைபெறுவதாக இருந்தது. அந்த விடைபெறுதலே நடக்கவில்லை.

அப்போது கைகொடுத்தது குழுவின் முதல் வித்தைதான். ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்திலேயே சினிமா கட்டும் பழைய நிகழ்ச்சி 'மிஸ்சீஃப் மூவி நைட்' என்று ஏற்கெனவே மறுபிறவி எடுத்திருந்தது. ஊரடங்கில் அதை நேரலையாக வீடுகளுக்கு ஒளிபரப்பினார்கள். செட் வேண்டாம், விழும் சுவர் வேண்டாம், நாலைந்து நடிகர்களும் ஒரு கேமராவும் போதும். தச்சு வேலையை நம்பிய நிறுவனத்துக்குத் தச்சன் வர முடியாத காலத்தில் பழைய கைத்தொழில் சோறு போட்டது.

டச்சஸ் 2021 ஜூனில் மறுபடி திறந்தது. அதற்குப் பின்பு வந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். லூயிஸும் சேயரும் நடித்த 'மைண்ட் மேங்க்ளர்', மனதைப் படிக்கத் தெரியாத ஒருவரின் மனோவசிய நிகழ்ச்சி, 2024இல் அப்போலோவுக்கு வந்தது. 2025இல் நோயல் கவர்ட் அரங்கில் லூயிஸும் ஷீல்ட்ஸும் எழுதிய 'தி காமெடி அபௌட் ஸ்பைஸ்': 1961, லண்டன் ஹோட்டல், அமெரிக்க உளவாளிகளும் சோவியத் உளவாளிகளும் ஒருவர் அறைக்குள் ஒருவர். அதே வருடக் கடைசியில் 'கிறிஸ்மஸ் கேரல் கோஸ் ராங்' டிவியிலிருந்து இறங்கி மேடைக்கு வந்தது. ஒன்று பலகையோடு, ஒன்று பலகை இல்லாமல் என்று மாறி மாறித்தான் இவர்கள் நடக்கிறார்கள். முன்னது வாடகை கட்டுகிறது, பின்னது கையைத் துருப்பிடிக்காமல் வைத்திருக்கிறது.

டச்சஸ், அப்போலோ, வாட்வில் மூன்றும் நைமாக்ஸ் என்ற ஒரே நிறுவனத்தின் அரங்குகள் என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரு வீட்டுக்காரரிடம் பத்து வருடம் ஒழுங்காக வாடகை கட்டிய குடித்தனக்காரர், அடுத்த வீடு காலியானால் முதலில் யாரிடம் கேட்பார்?

இரவு ஆட்டம் முடிந்து பார்வையாளர்கள் படியேறித் தெருவுக்குப் போகிறார்கள். கீழே மேடையில் கார்ன்லியின் மாளிகை தரைமட்டமாகக் கிடக்கிறது. மேடைப் பணியாளர்கள் வருகிறார்கள். சாய்ந்த தளத்தை நிமிர்த்தி, தூணை நிறுத்தி, சுவர்களைத் தூக்கி மாட்டி, கிழியும் ஸ்ட்ரெச்சரை மறுபடி கிழியும்படி தைத்து வைக்க வேண்டும். கணப்படுப்பின் தட்டை மட்டும் மாட்ட மாட்டார்கள். அது நாளைக்கு ஆனியின் வேலை, மேலே வரப்போகும் ஏதோ ஒரு பார்வையாளரின் வேலை.